பெயர் எழுதாத பெட்டி

போன மாதம் உங்கள் திருமணத் தயாரிப்பு வகுப்பைப் பார்க்க வந்தேன் அல்லவா? அப்போது வாசலில் இருந்த கேள்விப் பெட்டியைப் பார்த்து நான் சிரித்ததை உங்களில் ஒருவர் கவனித்துவிட்டார். "ஏன் நர்ஸம்மா சிரிச்சீங்க, பெட்டி நல்லா இல்லையா?" என்று முகம் வாடிப்போய்க் கேட்டார். பெட்டி நன்றாகத்தான் இருந்தது தாயே. ஜிகினாத் தாள் ஒட்டி, 'உங்கள் கேள்விகளை இங்கே போடவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த எழுத்தைப் பார்த்துத்தான் சிரிப்பு வந்தது. அந்த ஒரு வரியை எழுதத் தைரியமில்லாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா! அதனால் ஒரு பெண்ணின் கல்யாணமே நிற்கப் பார்த்தது. வாசலில் நின்றபடி சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதித் தருகிறேன். நீங்கள் இந்த வேலைக்குப் புதிது, பொறுமையாகப் படியுங்கள்.

நான் வேதம் படித்த மேதாவி இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். வீடு மந்தைவெளியில். எங்கள் பங்கின் கத்தோலிக்கக் கோயில் மயிலாப்பூரில் கடலை ஒட்டி இருந்தது. மீன் விற்கிறவர்கள், டி.நகர் ஜவுளிக் கடைகளில் வேலை பார்க்கிறவர்கள், கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களுக்குப் போகிறவர்கள், என்னைப் போன்ற சர்க்கார் சம்பளக்காரர்கள் எல்லாரும் கலந்த பங்கு. காலம் எழுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதிருந்த பங்குச் சாமியாரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. தன்னைப் பற்றி யார் எழுதினாலும் அவருக்குப் பிடிக்காது. மேலே இருந்துகூடக் கோபித்துக்கொள்வார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சாமி பக்கத்தில் வந்து நின்றார்.

"நர்ஸம்மா, நம்ம பங்குப் பொண்ணுங்க உங்க வார்டுக்கு வருதா?"

"வராம எங்க போகும் சாமி? போன வாரம்கூட ஒண்ணு வந்துச்சு. வலி எடுத்த பிறகு என் கையைப் புடிச்சுக்கிட்டு, கொழந்த எந்த வழியா வரும்னு கேக்குது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆச்சு!"

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தக் கல்யாணத்தை நடத்தி வச்சவன் நான். மூணு ஞாயிறு கல்யாண ஓலை வாசிச்சேன், ஜெபம் சொன்னேன், கையெழுத்து வாங்கினேன். இதை ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க" என்றார். அப்புறம், "நீங்க வந்து சொல்லிக் குடுங்க" என்றார், ஏதோ பந்தியில் இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றச் சொல்வதுபோல.

"சாமி, இதையெல்லாம் கோயில்ல பேசலாமா?"

"கானாவூர்க் கல்யாணத்துக்கு ஆண்டவர் போனாரே, பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கிட்டாரா? உடம்பைப் படைச்சவரே வெக்கப்படல. நமக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

நான் குனிந்து படியோரம் துழாவினேன். செருப்பும் கிடைத்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு. கல்யாணம் நிச்சயமானவர்களும், நிச்சயமாகப் போகிற வயதில் இருக்கிறவர்களும் வரலாம். பெண்களுக்குப் பள்ளிக்கூட அறையில் நான். ஆண்களுக்குத் தன் அறையில் சாமி. உபதேசியார் இருக்கிறாரே, ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பவர், அவருக்கு இது துளிகூடப் பிடிக்கவில்லை. குடும்பஸ்தர்தான், ஆனாலும் கோயில் வேலையே கதி என்று இருபது வருஷத்துக்கு மேல் உழைத்த நல்ல மனுஷர். ஆனால் பேச்சு எப்போதும் பிரசங்கம் மாதிரிதான் வரும். "இது விபரீதத்தில் போய் முடியும் அம்மையாரே. வகுப்பு நடக்கும் நேரம் முழுவதும் நான் கதவருகே நின்று கண்காணிப்பேன்" என்றார். சொன்னபடி நின்றார். கையில் குடை, முதுகு எங்கள் பக்கம், முகம் தெருப் பக்கம். மழை பெய்தாலும் உள்ளே ஒரு அடி வைக்க மாட்டார்.

என் முதல் வகுப்பு எப்படிப் போனது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற பெரிய படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டினேன். கழுத்திலிருந்து தொடை வரைக்கும் ஒரு பெண்ணின் உடல். உள்ளே இருப்பதெல்லாம் நிறம் நிறமாகத் தெரியும். குச்சியால் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னேன். பெண்கள் அத்தனை பேரும் தரையையே பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் படத்தைப் பார்த்தாள். ரெஜினா. இருபத்தொரு வயது. அம்மா மீன் விற்கிறாள், இவள் பாண்டி பஜாரில் ஒரு கடைக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள். கையைத் தூக்கினாள்.

"நர்ஸக்கா, இந்தப் பொம்பளைக்குத் தல எங்க?"

"தலையா? இந்தப் பாடத்துக்குத் தலை வேணாம்மா."

"தல இல்லாதவளுக்குக் கல்யாணம் பண்ணி இன்னா புண்ணியம்? அவளுக்குப் புடிக்குதா புடிக்கலையான்னு எதை வச்சு நெனைப்பா?"

அறை முழுக்கக் கொல்லென்று சிரிப்பு. வாசலில் உபதேசியாரின் குடை ஆடியது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, அப்புறம் நானும் சிரித்துவிட்டேன். படத்தைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, தரையில் அவர்களோடு உட்கார்ந்து, பிடிப்பது பிடிக்காததிலிருந்து பேச ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் வகுப்பு எடுத்தேன். அந்தப் பெண் சொன்ன இடத்திலிருந்துதான் ஒவ்வொரு முறையும் தொடங்கினேன். உடம்பைப் பற்றிப் பேசும்போது அந்த உடம்புக்குள் இருக்கிற ஆளை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் எல்லாரும் ரெஜினா ஆகிவிடுவார்களா? வாய் திறந்து கேட்க மற்றவர்களுக்குக் கூச்சம். அதனால் ஒரு பெட்டி வைக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். பெயர் போடாமல் எழுதிப் போடட்டும், வகுப்பில் பதில் சொல்கிறேன் என்றேன். கோயில்பிள்ளை (கோயிலைக் கூட்டிப் பெருக்கி மணியடிக்கிற பெரியவர்) ஒரு பழைய மரப் பெட்டிக்குப் பச்சை வர்ணம் அடித்துக் கொடுத்தார். கோயிலின் பின்பக்கம், தூணுக்கு மறைவாக வைத்தோம். அதன் மேல் என்ன எழுதுவது? அங்கேதான் வந்தது வினை.

"சந்தேகப் பெட்டின்னு போடலாமா?" என்றேன்.

"விசுவாசத்துல சந்தேகமான்னு மேற்றிராணியார் கேப்பாரு" என்றார் சாமி. பிஷப்பைத்தான் அப்போது அப்படிச் சொல்வோம்.

"வாலிபர் பெட்டி?"

"தேர்தல்னு நெனச்சு ஓட்டுப் போட்டுட்டுப் போயிடுவாங்க."

உள்ளது உள்ளபடி எழுதலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உபதேசியார் தூணைப் பிடித்துக்கொண்டார். சரி, அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுவிட்டோம். பிள்ளைகளே, கூச்சப்படாமல் கேளுங்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்தவர்கள் நாங்கள். எங்கள் பெட்டிக்குப் பெயர் வைக்க எங்களுக்கே கூச்சம். ஆறு வாரம் அந்தப் பெட்டி காலியாகவே கிடந்தது.

ஏழாவது வாரம் அதில் ஒரு சீட்டு விழுந்தது. ஆனால் அது என் கைக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தோனியார் நவநாள். நம் கோயில்களில் இன்றைக்கும் நடப்பதுதான். கூட்டம் தெரு வரைக்கும் நிற்கும். பக்கத்துத் தெரு இந்துக் குடும்பங்களும் மெழுகுவர்த்தியோடு வருவார்கள். அந்தோனியார் சுரூபத்துக்குக் கீழே மன்றாட்டுப் பெட்டி இருக்கும். உபதேசியார் அதிலிருக்கும் சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக வாசிப்பார். முன்கூட்டிப் படித்துப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. எல்லாச் சீட்டுக்கும் ஒரே ராகம். ஜனங்களும் என்ன வாசிக்கிறார் என்று கவனிக்க மாட்டார்கள். அவர் குரல் இறங்கினால் போதும், பதில் சொல்லிவிடுவார்கள்.

"என் மகனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைக்க வேண்டும்."

"புனித அந்தோனியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"காணாமல் போன என் மூக்குத்தி திரும்பக் கிடைக்க வேண்டும்."

"புனித அந்தோனியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வெட்கம். ரொம்பப் பயமாக இருக்கிறது. யாரிடம் கேட்பது?"

"புனித அந்தோனியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

அத்தனை ஜனமும் ஒரே குரலில், பக்தியோடு சொன்னது. சொல்லி முடித்த பிறகுதான் கேட்டது என்னவென்று உறைத்தது. உபதேசியார் சீட்டைப் பார்க்கிறார், சுரூபத்தைப் பார்க்கிறார், மறுபடியும் சீட்டைப் பார்க்கிறார். மீன்காரம்மா ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். பீடத்தருகே இருந்த சாமி எழுந்தார்.

"அடுத்ததை வாசிங்க உபதேசியாரே. அதுவும் மன்றாட்டுதான்" என்றார்.

நவநாள் முடிந்ததும் கோயில்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "யாரோ பாவம், தெரியாம அந்தப் பேரில்லாத பொட்டில போட்டுட்டாங்கன்னு நெனச்சேன் சாமி. நான்தான் எடுத்து அந்தோனியார் பொட்டில சேர்த்தேன். புண்ணியமாச்சேன்னு செஞ்சேன்" என்றார். அவரை என்ன சொல்வது? பெட்டிக்கு மேல் ஒரு வரி எழுதியிருந்தால் அவர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்.

யார் எழுதியது என்று கண்டுபிடிக்க ஊருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த மாதம் எங்கள் பங்கில் ஒரே ஒரு ஜோடிக்குத்தான் ஓலை வாசித்துக்கொண்டிருந்தோம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு அறிவிக்க வேண்டுமே, அதில் இரண்டு முடிந்திருந்தது. பெண் ரெஜினா. மாப்பிள்ளை சேவியர். இருபத்தாறு வயது, கோடம்பாக்கத்தில் ஸ்டூடியோ லைட்மேன். தாய் தகப்பன் இல்லை, அத்தை வளர்த்த பிள்ளை. சினிமாக்காரனுக்குத் தெரியாதது உலகத்தில் உண்டா? ஆகவே சீட்டை எழுதியது ரெஜினாதான் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

நானும் அதையேதான் நினைத்தேன். சாமி கொடுத்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குண்டு குண்டாக, அழகாக, வரி கோணாத எழுத்து. பெண் எழுத்து என்று முடிவு கட்டினேன். எழுதியவர் யார் என்று தேட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் அந்தப் பெட்டியை வைத்தேன். முதல் சீட்டிலேயே கையெழுத்துப் பார்த்தேன். என் வேலையில் நான் செய்த பெரிய தவறு இதுதான்.

மறுநாளே சேவியரின் அத்தை சாமியிடம் வந்துவிட்டாள். நல்லவள்தான், ஆனால் வாயைத் திறந்தால் லஸ் கார்னர் வரைக்கும் கேட்கும்.

"இன்னா சாமி பொண்ணு அது? ஊரே கேக்குற மாரி எழுதிப் போட்டுக்கீது! நாளைக்கு என் புள்ள எப்டி தலை நிமிந்து நடப்பான்? வர்ற ஞாயித்துக்கெழமை மூணாவது ஓலை வாசிப்பீங்கல்ல, தடை கீதான்னு கேப்பீங்கல்ல, நானே எந்திரிச்சு கீதுன்னு சொல்றேன் பாரு!"

மூன்றாம் ஓலையில், சபை நடுவில் கல்யாணம் நின்றால் அந்தப் பெண்ணின் கதி என்ன? அந்தக் கடற்கரையில் பிறகு யார் அவளைக் கேட்டு வருவார்கள்? இன்னொரு பக்கம் உபதேசியார், வகுப்பை உடனே மூட வேண்டும் என்று நாலு பெரிய மனிதர்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். சாமி ஞாயிறு வரைக்கும் பொறுக்கச் சொன்னார்.

நான் ரெஜினா வீட்டுக்குப் போனேன். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குக் கூடையைத் தூக்கவில்லை. நான் ரொம்ப இரக்கமாகப் பேச்சை எடுத்தேன்.

"எழுதினது தப்பில்லம்மா. பயப்படாதே, நான் அவங்க அத்தைகிட்டப் பேசுறேன்."

மெஷின் நின்றது.

"நான் எழுதல நர்ஸக்கா."

"சரிம்மா, எழுதலன்னே வச்சுக்குவோம்."

"இன்னாது, வச்சுக்குவோமா?" எழுந்தே விட்டாள். "ஊரு நம்பல, சரி. நீங்களுமா? எனக்கு ஒண்ணு தெரிலன்னா சீட்டு எழுதிக்கினு இருப்பேனா? அம்மாம் பேர் முன்னால தல எங்கன்னு கேட்டவ நானு!"

கண்ணில் தண்ணீர், குரலில் நெருப்பு. எனக்கு யாரோ பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. உண்மைதானே? அந்த வகுப்பிலேயே சீட்டு எழுதத் தேவையில்லாத ஒரே பெண் இவள்தான். மன்னிச்சுக்கோம்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மந்தைவெளி மார்க்கெட் வரைக்கும் நடந்த பிறகுதான் மூளை வேலை செய்தது. எழுதியது இரண்டு பேரில் ஒருவர். அவள் இல்லையென்றால்? நடுத்தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். முருங்கைக்காய்க்காரி, "இன்னாமா, பர்ஸை வுட்டுட்டியா?" என்றாள்.

நேராகச் சாமியிடம் போனேன்.

"சாமி, பையன்களுக்கு ஆறு வாரமா நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

அவர் கொஞ்சம் நெளிந்தார். "பொறுப்பு... கட்டினவளுக்குப் பிரமாணிக்கம்... பத்துக் கட்டளை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கேள்வி இருக்கான்னு கேப்பேன். இல்லம்பாங்க. கேரம் போர்டு ஆடுவாங்க." சொல்லி முடிக்கும்போதே அவருக்கும் புரிந்துவிட்டது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஆம்பளப் பசங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுட்டேனே!"

"சேவியரைக் கூப்பிட்டுக் கேளுங்க. ஒரு வார்த்தை அவன் சொன்னா அந்தப் பொண்ணு தப்பிச்சுக்கும்."

"மாட்டேன்" என்றார். "பெயர் வேணாம்னு சொல்லி வாங்கின சீட்டு. எழுதினவனை நாமளே கூப்பிட்டுக் கேட்டா, அப்புறம் இந்தக் கோயில்ல எவனும் எதையும் நம்மகிட்டச் சொல்ல மாட்டான்."

"அப்ப ரெஜினா சாகட்டுமா?" எனக்குக் கோபம் வந்தால் சாமியார் என்றெல்லாம் பார்க்க மாட்டேன்.

அவர் பதறவில்லை. "கேள்வி கேட்டவனுக்கு இன்னும் பதில் சொல்லலையே நர்ஸம்மா. அதை முதல்ல செய்வோம். இந்தச் சனிக்கிழமை பையன்களுக்கும் நீங்களே வகுப்பு எடுங்க. நான் பின்னால உக்காந்து கேக்குறேன். எனக்கும் தெரியணும்."

அந்தச் சனிக்கிழமையை நான் மறக்க மாட்டேன். பத்துப் பன்னிரண்டு வாலிபர்கள், எல்லாரும் மீசை வைத்தவர்கள், ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிகிறார்கள். "மச்சி, நீ முன்னால குந்து" என்று தள்ளிக்கொள்கிறார்கள். சேவியர் ஜன்னல் ஓரம். நாலு நாளாகச் சாப்பிடாதவன் முகம். உபதேசியார் வழக்கம்போல் கதவருகே, குடையோடு. நான் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இதை யார் எழுதினாங்கன்னு நான் கேக்கப் போறதில்ல. எழுதினவங்களுக்கு நன்றி சொல்றேன். ஆறு வாரமா நாங்க சொல்லிக் குடுக்காததை இந்தச் சீட்டு கேட்டுச்சு. பதில் சொல்றேன், கேளுங்க."

சொன்னேன். உடம்பைப் பற்றி, பெயர்களை மறைக்காமல், தெரிந்ததையெல்லாம் நிதானமாகச் சொன்னேன். அப்புறம் இதைச் சொன்னேன்: "அன்னைக்கு ராத்திரியே எல்லாம் நடந்தாகணும்னு எந்த வேதத்துலயும் எழுதல. உனக்குப் பயம்னா அவளுக்கும் பயம்தான். பேசு. அவளுக்கு விருப்பமான்னு கேளு. இல்லன்னா சந்தோஷமாத் தூங்கு. வாழ்க்கை பூரா இருக்கு. என் கல்யாணத்தன்னைக்கு எனக்கும் ஒண்ணும் தெரியாது, என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. அவர் ரயில்வே. விடியிற வரைக்கும் எழும்பூர்லேர்ந்து கிளம்புற வண்டிங்க நேரமெல்லாம் எனக்கு ஒப்பிச்சாரு. மூணு பிள்ளை பொறந்திருக்கு, ஒண்ணும் குறையல!"

சிரித்தார்கள் பாருங்கள், ஓடு பறக்கிற மாதிரி. சிரிப்பு அடங்கியதும் கேள்விகள் வந்தன. ஒன்றன் பின் ஒன்றாக, நிற்கவே இல்லை. சாமிகூடப் பின்னாலிருந்து ஒன்று கேட்டார். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு சேவியர் தயங்கித் தயங்கி வந்தான்.

"நர்ஸம்மா, தெரியாதுன்னு வெளில சொன்னா ஆம்பளைக்குக் கேவலமா?"

அங்கே ஒரு பெண் உன்னால் அழுதுகொண்டிருக்கிறாள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ரொம்பக் கஷ்டப்பட்டு விழுங்கினேன். "இல்லப்பா, கேவலம் இல்ல" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். சொல்லியிருக்க வேண்டுமோ, தப்புப் பண்ணிவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொண்டது.

ஞாயிறு. வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள், இடையில் நடைவழி. ரெஜினா முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா ஜெபமாலையைப் பிடித்திருந்த பிடியில் அது அறுந்துவிடும் போலிருந்தது. சாமி மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார். அத்தை புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"சாமி, நான் ஒண்ணு சொல்லணும்."

"அத்தே, குந்து!" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். சேவியர் நடைவழிக்கு வந்துவிட்டான். "அந்தச் சீட்ட எழுதனது ரெஜினா இல்ல. நானு."

"நீயாடா? சினிமாவுல கீற, உனக்குத் தெரியாதா?"

"சினிமாவுல இன்னா அத்தே காட்றான்? மரத்தைச் சுத்தி ஓடுவாங்க. கிட்ட வருவாங்க. ஒடனே ரெண்டு பூவு ஒண்ணு மேல ஒண்ணு சாயும். கட்டு சொல்லிடுவாங்க. அந்த ரெண்டு பூவுக்கும் லைட்டு புடிச்சதே நான்தான்! அதுக்கு அப்பால இன்னான்னு எனக்கு மட்டும் எவன் சொன்னான்?"

முதலில் சிரித்தது யார் தெரியுமா? ரெஜினா. கையால் வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. அவளைப் பார்த்து அம்மா, அம்மாவைப் பார்த்து மீன்காரப் பெண்கள், அப்புறம் கோயிலே சிரித்தது. சாமி ஓலையால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்குவது எல்லாருக்கும் தெரிந்தது. அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்ல புள்ளய வளத்தேன் போ! தடை கிடை ஒண்ணும் இல்ல சாமி, மேல படி" என்று உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்தப் பையனை நாங்கள் இழுத்து நிறுத்தியிருந்தால் அவன் குற்றவாளியாக நின்றிருப்பான். தானாக வந்ததால் மாப்பிள்ளையாக நின்றான்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ரெஜினா அவனை வழிமறித்தாள். "நாலு நாளு என்னைத் திட்டு வாங்க வச்சியே, அதுக்குத் தனியா கீது உனக்கு" என்றாள். அப்புறம், "கல்யாணத்துக்கு அப்பறம் அந்த ரெண்டு பூவை மட்டும் வூட்டுக்குக் கொணாந்துடாத" என்றாள். அவன் முகம் சிவந்ததைப் பார்க்க வேண்டுமே!

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. வகுப்பை மூடும் பேச்சும் அதோடு போயிற்று. நான் பெட்டியின் மேல் பெரிதாக, 'கல்யாணம் பற்றிய கேள்விகள். பெயர் வேண்டாம். கேட்க வெட்கப்பட வேண்டாம்' என்று சாக்பீஸால் எழுதி வைத்தேன். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் கோயில்பிள்ளை அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மேஜை கொள்ளாத அளவுக்குச் சீட்டுகள்! அன்றிலிருந்து ஆண்களையும் பெண்களையும் ஒன்றாகவே உட்கார வைத்தோம். ஒவ்வொரு சீட்டாக எடுத்து வாசித்துப் பதில் சொல்லிக்கொண்டே போனேன். சிரிப்பும் பேச்சுமாக அறை களைகட்டியது. கடைசியாக அடியில் ஒன்று இருந்தது, நாலாக மடித்தது. அதையும் சத்தமாக வாசித்தேன்.

'திருமணமாகி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போதாவது கேட்கலாமா?'

யாரும் சிரிக்கவில்லை. இந்த முறை நான் கையெழுத்தைப் பார்க்கவில்லை. சீட்டை மறுபடியும் நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"கேட்கலாம்" என்றேன்.

கதவருகே நின்றிருந்த உபதேசியார் குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.